வளர்வதற்கு விட்ட துணி

அந்த வீட்டுக் கதவு மாமியாரைப் போலத்தான். முதலில் கொஞ்சம் முனகும், பிறகு தாராளமாக வழிவிடும். மாமியார் போய் ஒரு வருடம் ஆகியும் கதவின் குணம் மாறவில்லை. துணிக்கடைக்காரரின் மகள், கணவனையும் குழந்தையையும் முன்னே விட்டுப் பையோடு நுழைந்தாள். குழந்தைக்குக் கடைக்காரத் தாத்தா வைத்த செல்லப் பெயர் சில்லறை. ஒரு நிமிடம் ஓசையில்லாமல் இருக்க மாட்டாள்.

நினைவு நாளுக்குக் குடும்பமே கூடியிருந்தது. பேச்சு முழுக்கக் கிழவியைப் பற்றித்தான். வெட்டுத்துணியில் பூனை செய்வாள், படகு செய்வாள். தைக்கும்போது மெஷினும் பிரார்த்தனையும் சேர்ந்தே ஓடும். பேரப்பிள்ளைகளுக்கு வருடம் ஒரு உடுப்பு, எல்லாம் தொளதொளவென்று. வளர்கிற பிள்ளைக்கு அளவாகத் தைத்தால், கடவுள் மேல் நம்பிக்கை இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி என்பாளாம்.

இப்படித் துணி செலவழிக்க அத்தைக்கு எங்கள் கடையில் கமிஷன் உண்டு என்றாள் மருமகள். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்போடுதான் மூத்த நாத்தனார் கிழவியின் தகரப்பெட்டியைத் திறந்தாள். உள்ளே பேரப்பிள்ளைக்கு ஒன்றாகப் புது உடுப்புகள். சாகும் முன்பே தைத்து வைத்திருக்கிறாள் மகராசி என்று ஆளாளுக்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் போட்டுக்கொண்டு, தோள் நழுவ நழுவ ஓடினார்கள்.

சில்லறையின் கவுன் நீலத்தில் மஞ்சள் பூ.

மருமகள் கவுனின் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாள். அது அவள் போன வாரம் அப்பாவிடமே மல்லுக்கட்டி வாங்கிய திரைச்சீலைத் துணி. மிச்சத் துணி அவள் வீட்டு அலமாரியில், பூட்டுக்குள் இருந்தது.

கவுன் குழந்தைக்குக் கச்சிதமாக இருந்தது.

தோளில் ஒரு விரல்கூட நுழையவில்லை.

கணவன், கடையில் வாங்கினதே இதுகிட்ட தோத்துப்போகும் என்றான். நாத்தனார் மட்டும் அவளைச் சுவரோரம் இழுத்துப்போனாள். காதோரம் குனிந்தாள்.

"அம்மா ஒரே ஒரு தடவைதான் இப்படி அளவா தைச்சாங்க. எங்க கடைசித் தம்பிக்கு."

"அப்புறம்?"

"கத்தரி தானா அப்படிப் போயிடுச்சுன்னு அழுதாங்க. பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சுப் பாத்தாங்க. அந்தச் சட்டை பத்தாமப் போற அளவுக்கு அவன் வளரவே இல்லம்மா."

மருமகள் குழந்தையிடமிருந்து கவுனைக் கழற்றி, தையல் அறைக்கு எடுத்துப்போனாள். பட்டப்பகல். ஆனாலும் அறை மங்கிக் கிடந்தது. உறை போட்டு மூடிய மெஷினிலிருந்து, இப்போதுதான் விட்டது போல எண்ணெய் வாசனை. கவுனை உட்புறம் திருப்பினாள். வழக்கமாக நான்கு விரல் துணி மடிந்திருக்கும் இடத்தில் ஒரு நூல்கூட மிச்சமில்லை. விளிம்பை ஊக்கால் பிரித்தாள். துண்டு வைத்தாவது பெரிதாக்கலாம்.

ஒரு பக்கம் பிரிக்கப் பிரிக்க, மறுபக்கம் தையல் மூடிக்கொண்டே வந்தது.

ஊக்கு விழுந்தது.

"அத்தை," என்றாள் மெஷினைப் பார்த்து. "இவ வேணாம். என் அளவுல எடுத்துக்கங்க."

பேரத்தில் அவள் தோற்றதில்லை. எதிராளி வாயைத் திறந்துவிட்டால் பாதி விலை படிந்த மாதிரி என்பார் அப்பா. இங்கே எதிராளி வாயைத் திறக்கவில்லை. மெஷினின் மிதிகட்டை மட்டும் ஒருமுறை இறங்கி ஏறியது. பிறகு, அழுகையை அடக்கும் ஒரு முதிய மூச்சு.

கத்தரி கிழவியின் கையில்தான் இருந்தது. அளவு சொல்வது வேறு யாரோ.

வாசலில் சில்லறை உள்பாவாடையோடு வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, அந்தக் கவுன் போனாப் போகுது. பாட்டி எனக்கு வேற தைக்கிறாங்களாம். இப்பதான் பின்னாடி ரூம்ல அளவெடுத்தாங்க."

மருமகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. படிந்துவிட்டது பேரம். குழந்தையின் தோள்களைப் பற்றிக்கொண்டாள்.

"பெருசா எடுத்தாங்களாடி? நிமிந்து நின்னியா நீ?"

"நிக்க வேணாம்னாங்க," என்றது குழந்தை. "கண்ண மூடிப் படுத்துக்கச் சொன்னாங்க."