இடக்கைப் பக்கம்

மாலை ஐந்தரை ஆகியும் கிளி கத்தவில்லை.

சுனாமிக்கு மறுநாளிலிருந்து தினமும் பொழுது சாயும்போது கத்திய கிளி. வீரபாகு தறிக்குழிக்குள் கால் விட்டபடியே நிமிர்ந்து பார்த்தான். தலைக்கு மேல் கூண்டில் அசையாமல் இருந்தது. சாம்பல் தலை, முகத்தில் கறுப்புப் பட்டை, முழ நீள வால். பார்வை மட்டும் தறியின் இடப்பக்கம்.

நிக்கோபாருக்கு ரோடு வேலைக்குப் போன தம்பி ஜெயக்குமார், போன ஆடியில் வந்தபோது கொண்டுவந்தது. அந்தத் தீவுகளை விட்டால் வேறெங்கும் இல்லையாம். தாழம்பழம் தின்னுமாம், மரப்பொந்தில் குஞ்சு பொரிக்குமாம். வளர்ந்தபின் பிடித்ததால் பேச்சு வராது என்றான். சோடியைப் பிரிந்தால் பதில் குரல் வரும்வரை கத்தும், வந்ததும் அடங்கிவிடும் என்றும் சொன்னான்.

அப்படியானால், இன்று.

தீவுக்குத் திரும்பிப் போன தம்பியிடமிருந்து அலைக்குப் பிறகு தகவல் இல்லை. நாளைக்கு அவனுக்குக் கருமக் காரியம்.

"உடம்பே கெடைக்கல. நாளைக்கு அவன் வந்து நின்னா இன்னா பண்ணுவ?"

காலையில் வீரபாகு மனைவி தெய்வநாயகியிடம் கேட்டான். அவள் பையை எடுத்துக்கொண்டு காரியத்துக்குச் சாமான் வாங்க ஆரணிக்குப் போய்விட்டாள்.

கரண்டு போனது. முள்ளிப்பட்டுத் தெருவின் விசைத்தறிகள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. கஞ்சிப் பசையின் புளிப்பு நெடிக்கு அடியிலிருந்து இன்னொரு வாசனை, சேறும் உப்பும் அழுகிய இலையும் கலந்ததுபோல, குழிக்குள்ளிருந்து கிளம்பி அவன் முழங்காலைக் கடந்து, மடியில் தங்கி, மெல்ல மூக்குக்கு ஏறியது.

கரை வைத்த சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவன் குழியில். அவன் இடக்கைப் பக்கம் பலகையில் உட்கார்ந்து கரை நூல் ஏற்றிய நாடாக் கட்டையைத் தள்ளித் தருகிறவன் மற்றவன். சிறுவயதிலிருந்து அந்தப் பலகை தம்பியுடையது. வீரபாகு "போடு" என்பான். இழைகளுக்கு நடுவே நாடா வரும்.

கிளி வாய் திறந்தது.

"போடு."

வீரபாகுவின் குரல். அவன் பேசவில்லை.

பலகை காலியாக இருந்தது. பாவு இழைகள் நடுங்கின.

சரக்.

நாடா அவன் விரலில் முட்டி நின்றது. ஈரம். அது வந்த வழியெல்லாம் பட்டு கறுத்திருந்தது. எடுத்தான். உள்ளே மணல்.

எழப் பார்த்தான். குழிக்குள் தண்ணீர். கணுக்கால் வரை.

பலகை கிறீச்சிட்டது. ஓர் ஆளின் கனம்.

"போட்டேண்ணா. அடுத்தது சொல்லு."