முழங்கால் உயரக் கறை

கதவைத் திறந்ததும் முதலில் வந்தது நாற்றம்தான். பூட்டிக் கிடந்த வீட்டின் பூஞ்சை வாடை எனக்குப் பழகியது. இது வேறு. பல நாள் குளிக்காத தலையின் பிசுக்கு வாடை, அதோடு புளித்த பால். அண்ணன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஜன்னலைத் திறந்துவிட்டால் சரியாகிவிடும் என்றான். ஜன்னல்கள் ஏற்கெனவே திறந்துதான் இருந்தன.

தெருக்கோடியில் இருந்த அந்தப் பழைய வீட்டை அவன் புதிதாக வாங்கியிருந்தான். முன்பகுதியை விருந்தினர் விடுதியாக்கி, பின்பகுதியில் அவனும் அப்பாவும் குடியிருப்பது என்று திட்டம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. வலது கை மட்டும் சொன்னபடி கேட்கும். வீட்டை மாற்றி வரைந்து கொடுக்க வேண்டியவள் நான். வீடு, அலுவலகம், விடுதி என்று வரைவதுதான் என் பிழைப்பு.

எனக்கென்று ஒரு முறை உண்டு. அளவு எடுப்பதற்கு முன் அழுக்கைப் பார்ப்பேன். எங்களுக்குப் புத்தக அறை வேண்டும் என்று பெருமையாகச் சொல்வார்கள். தலை எண்ணெய்க் கறை டிவிக்கு எதிர்ச் சுவரில் இருக்கும். ஓர் அலுவலகத்தில் கூட்ட அறையைப் பெரிதாக்கச் சொன்னார்கள். தரை தேய்ந்திருந்ததோ மாடிப்படித் திருப்பத்தில், எல்லாரும் நின்று வம்பளக்கிற இடத்தில். அங்கே ஒரு பெஞ்சு போட்டுக் கொடுத்தேன், இன்றுவரை அந்த முதலாளி என்னைப் புகழ்கிறார். யார் புழங்கினார்களோ அவர்களுடைய தடத்துக்குத் தகுந்தபடி கட்டு, அவ்வளவுதான் என் பாடம். இத்தனைக்கும் அழுக்கைக் கண்டால் எனக்குக் குமட்டும். கையுறை போடாமல் எந்தச் சுவரையும் தொட மாட்டேன்.

"எல்லாரும் டேப்பைக் கொண்டு வருவாங்க, நீ மூக்கைக் கொண்டு வர்ற," என்று அண்ணன் கேலி செய்தான்.

முன் அறைகளில் விசேஷமாக எதுவும் இல்லை. சுவிட்சைச் சுற்றி விரல் கறை, நாற்காலி உரசிய கோடு. பின் அறையில்தான் நின்றுவிட்டேன். அங்கே ஆள் உயரத்தில் ஒரு கறைகூட இல்லை. முழங்கால் உயரத்தில் மட்டும் சுவரை ஒட்டி ஒரு கருத்த பட்டை, மூலையில் தொடங்கி, சாப்பாட்டு அறையை ஒட்டிய சுவர்வரை போய் நின்றது. நின்ற இடத்தில் பிசின் மாதிரித் தடித்திருந்தது. கையுறை விரலால் சுரண்டினேன். மெழுகாகப் பெயர்ந்து வந்தது. அதற்குள் முடி இருந்தது. அந்தக் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டிக்கொண்டேன்.

ஆனாலும் புத்தி தொழிலுக்குத்தான் போயிற்று. தவழ்கிற குழந்தை இருந்த வீடு என்று முடிவு செய்தேன். கறை முடிந்த இடத்தில் தட்டிப் பார்த்தால் உள்ளே காலியாக ஒலித்தது. அடைத்த கதவு. வீடே வழி காட்டுகிறது என்று எனக்கு ஒரே தலைக்கனம்.

அந்த வாசலைத் திறக்க வரைந்தேன். அப்பாவின் சக்கர நாற்காலி நேராகச் சாப்பாட்டு அறைக்குப் போகலாம். கட்டிலை அந்த மூலையில் போட்டேன், அதிகம் புழங்கிய இடம் என்பதால். கறை போன வழியெல்லாம் முழங்கால் உயரத்தில் ஒரு மரப்பிடி. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவரின் கை அவ்வளவு தாழ எட்டாது என்பது முதல் வருட மாணவிக்கும் தெரியும். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மேஸ்திரி செங்கல்லை உடைத்தபோது உள்ளே பழைய மரக்கதவு அப்படியே இருந்தது. அதன் அடியில் ஒரு தட்டு நுழையும் அளவுக்கு வெட்டிய சந்து. சந்தின் விளிம்பு பின் அறைப் பக்கம் முழுக்கக் கடிபட்டு, நார் நாராகப் பிய்ந்திருந்தது. எலி என்றான் அண்ணன். எலிதான் என்று நானும் தலையாட்டினேன். மேஸ்திரி கதவை வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டுக் கை கழுவினார், வெகுநேரம்.

அப்பா குடிவந்தார். விடுதியும் நன்றாகவே ஓடியது. அவர் மட்டும் இளைத்துக்கொண்டே போனார். கன்னம் ஒட்டி, மோதிரம் விரலில் நிற்காமல் கழன்றது. பார்த்துக்கொள்ளும் நர்ஸிடம் கேட்டால், தட்டைத் துடைத்து வைத்த மாதிரிச் சாப்பிடுகிறார் என்றார். மருத்துவருக்கும் காரணம் பிடிபடவில்லை. இப்படியே போனால் தாங்க மாட்டார் என்று மட்டும் சொன்னார்.

ஒரு மதியம் சொல்லாமல் போனேன். நர்ஸ் தட்டைக் கொடுத்துவிட்டுத் துணி காயப்போடப் போயிருந்தார். நான் திறந்து வைத்த வாசலில் நின்று பார்த்தேன். நல்ல வெளிச்சம். அப்பா குழைத்த சோற்றை ஒரு பிடி எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

கட்டில் ஓரமாகச் சாய்ந்து, கையைக் கீழே இறக்கினார்.

நக்குகிற சத்தம் கேட்டது.

நிதானமாக, விரல் விரலாக.

கை மேலே வந்தபோது சோறு இல்லை. எச்சில் நூலாக இழுத்தது. நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியது போல விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அந்தக் கையாலேயே அடுத்த பிடியை எடுத்தார்.

ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். கட்டிலுக்கடியில் ஒன்றும் இல்லை. நாற்றம் மட்டும் முகத்தில் அடித்தது. புதுச் சுண்ணாம்பை மீறிக் கறை ஈரமாகப் பளபளத்தது. என் மரப்பிடி முழுக்கப் பிசுக்கு. தினமும் யாரோ பிடித்துப் பிடித்து மெருகேற்றியிருந்தார்கள். தவழ்ந்தது குழந்தை அல்ல, இந்த அறையில் அடைத்து வைத்துக் கதவுச் சந்து வழியாகத் தட்டுத் தள்ளப்பட்ட ஏதோ ஒன்று. அதன் உயரத்துக்கு, அதன் வழிக்கு, அதன் பசிக்கு அளவெடுத்து இந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தவள் நான்தான். கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

அண்ணனை இழுத்து வந்து சொன்னேன். அவன் திடுக்கிடவில்லை. கதவைச் சாத்திவிட்டு, விருந்தினர் காதில் விழாதபடி மெல்லச் சொன்னான்.

"அப்பா குடுக்குறவரைக்கும் அது முன்பக்கம் வர்றதில்ல."

"உனக்குத் தெரியுமா?"

முதல் வாரத்தில் விருந்தினர் அறைக் கட்டில்களுக்கடியில் சத்தம் கேட்டதாம். இரண்டு பேர் பாதி ராத்திரியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். அப்பா கையைக் கீழே நீட்ட ஆரம்பித்த பிறகு எல்லாம் அடங்கிவிட்டதாம். தட்டில் கூடுதலாக வைக்கச் சொல்லியிருக்கிறேனே என்றான், ஏதோ பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி.

கட்டிலுக்கடியில் இருந்ததைவிட அவன்மேல்தான் எனக்கு அருவருப்பு வந்தது. கூடப் பிறந்தவன் முகத்தில் காறித் துப்பத் தோன்றியது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அன்று மாலையே அப்பாவை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். கட்டிலிலிருந்து தூக்கும்போது அவர் மரப்பிடியை விட மறுத்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

என் வீடு ஏழாவது மாடியில். எனக்காக நானே வரைந்தது, துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருக்கும். அப்பாவைக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, அந்தக் கையை வெந்நீரும் சோப்புமாகத் தேய்த்துக் கழுவினேன். மறுநாள் காலை, பால்கனிக் கதவெல்லாம் திறந்திருக்க, நானே ஊட்டினேன். முதல் வாயை வாங்கிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி தேறிவிடுவார் என்று நினைத்தேன்.

இரண்டாவது வாய். மூன்றாவது.

தொண்டை அசையவில்லை.

கன்னம் உப்பியபடியே அப்பா கட்டில் ஓரத்துக்குச் சாய்ந்தார். வாயைத் திறந்து, எச்சிலோடு எல்லாவற்றையும் தரையில் வழிய விட்டார். கடைவாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். பிறகு, இத்தனை மாதமாக ஒரு வார்த்தை பேசாத என் அப்பா, கட்டிலுக்கடியைப் பார்த்துக் குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார்.

"போதுமாப்பா?"

பதிலைக் கேட்பவர் போலக் காதைக் கட்டில் ஓரத்தில் சாய்த்தார். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, என் பக்கம் திரும்பி மறுபடியும் வாயைத் திறந்தார்.