கதவின் உட்புறம்

சுவரில் இல்லாத ஒன்று தாளில் வந்திருந்தது.

திலகா கரித்துண்டைக் கீழே வைத்தாள். தாளின் ஓரத்து டேப்பைப் பிரித்து, அதை மெல்லத் தூக்கி, பின்னாலிருந்த சுவரைத் தடவிப் பார்த்தாள். எத்தனையோ வருடத்துப் புகை படிந்து படிந்து மினுங்கிப்போன சுவர், மெழுகு பூசிய பலகை போல விரலுக்கு வழவழப்பாக இருந்தது. அந்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. தாளை மறுபடி கீழே விட்டாள். ஒரே சீராகத் தேய்த்திருந்த சாம்பல் பரப்பின் நடுவே, அவளுடைய மார்பு உயரத்தில், ஒரு வலது கை இருந்தது. ஐந்து விரலும் விரிந்து, உள்ளங்கை அழுந்தி, ரேகைகூடத் தெரிந்தது.

தன் கைதான் எங்கேயோ பட்டிருக்கும் என்று நினைத்தாள். கையை அதன் மேல் வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. அது சிறிய கை.

காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் காசு தாளில் ஏறிவருமல்லவா, அதே வேலையைத்தான் அவள் ஒரு முழுச் சுவருக்குச் செய்துகொண்டிருந்தாள். முதலில் மெல்லிய தூரிகையால் தளர்ந்த கரியைத் துடைக்க வேண்டும். பிறகு வெற்றிலை போல மெலிசான தாளை மேலிருந்து கீழாக ஒட்ட வேண்டும். கரித்துண்டை நுனியால் பிடிக்காமல் படுக்கப் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரே அழுத்தத்தில் இழுக்க வேண்டும். சுவர் தன்னிடம் இருப்பதைத் தானே தரும். அவள் எதையும் வரைவதில்லை.

செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் கண்ணாடிக்குள் குனிந்து சின்னஞ்சிறு சில்லுகளில் பிழை தேடுகிற வேலை அவளுக்கு. இருக்கும் ஒரு கோடு தப்பாது, இல்லாத ஒரு கோடு தெரியாது. அப்படிப்பட்ட கண் அது. விடுமுறை நாட்களில் அதே கண்ணோடு படம் செய்தாள். அடுத்த மாதம் சிரம்பானில் ஒரு கண்காட்சி. அதற்காகத்தான் தம்பினிலிருந்து உள்ளே போகும் பதினோராங்கட்டைத் தோட்டத்தின் இந்தப் புகைக் கொட்டகைக்கு வந்திருந்தாள். நான்கு சுவருக்கு நான்கு தாள். நான்கையும் ஓர் அறை போலத் தொங்கவிட்டால், பார்க்க வருபவர்கள் உள்ளே நுழைந்து நிற்கலாம்.

பால்மரம் இருந்த காலத்தில் ரப்பர் ஷீட்டுகளை மூங்கிலில் வரிசையாகத் தொங்கவிட்டு, அடியில் விறகுத் தீ மூட்டி, நான்கு நாள் புகையில் வாட்டுவார்கள். அதற்குக் கட்டிய கொட்டகை இது. ஜன்னல் கிடையாது. உச்சியில் புகை போக ஒரு பொந்து, தரையில் தீக்குழி, ஒரே ஒரு இரும்புக் கதவு. பால்மரத்தை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு யாரும் திறக்கவில்லை. திங்கட்கிழமை இடிக்கப் போகிறார்கள்.

படம் மட்டும்தான் காரணம் என்று சத்தியசீலனிடம் சொல்லிச் சாவி வாங்கியிருந்தாள். அவர் தோட்டத்தில் ஜாகா, அதாவது காவல் வேலை பார்ப்பவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அறுபது வயது. வேறொரு காரணமும் இருந்தது. அவளுடைய அப்பாவின் அக்கா மயிலம்மாள் இந்தக் கொட்டகையில் ஷீட் தொங்கவிடும் வேலை செய்தவள். பத்தொன்பது வயதில் காணாமல் போனாள். தோட்டத்தில் ஆள்கணக்கு எழுதிய கிராணி கையைப் பிடித்து இழுத்ததற்கு, அவரை எல்லோர் முன்னாலும் பால்வாளியால் அடித்தாளாம். மறுநாள் ஆளில்லை. லோரிக்காரன் ஒருவனோடு ஓடிவிட்டாள் என்று கிராணி சொன்னார். தோட்டமே அதைத் திருப்பிச் சொன்னது. வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுக்கவில்லை. சென்ற வருடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா, சம்பந்தமே இல்லாமல், திலகாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அக்கா ஓடலம்மா. அவங்க சோத்துத் தூக்கு கொட்டகை வாசல்லயே இருந்துச்சு. நான் பாத்தேன்."

அப்போது அப்பாவுக்கு ஏழு வயது.

திலகா இன்னொரு கரித்துண்டை எடுத்தாள். முதல் கைக்குப் பக்கத்தில் தேய்த்தாள். இரண்டாவது கை வந்தது. அதற்கு மேலே மூன்றாவது. பிறகு வரிசையாக, ஒன்றன் மேல் ஒன்றாக, சுவரைத் தடவிக்கொண்டே போன கைகள். எல்லாம் ஒரே அளவு. பழைய புகையின் புளித்த வாடைக்குள்ளே, ஊறிய துணியைத் தீயருகே காட்டியது போல ஒரு மெல்லிய வாடை எழுந்து, அவள் திரும்பியதும் அடங்கியது. வெளியே ஓடி மோட்டார் சைக்கிளில் ஏறிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஓடிப்போனவள் என்ற பேர் இந்தக் குடும்பத்துக்கு ஒன்று போதும் என்று அடுத்த கணம் தோன்றியது.

தாளைக் கழற்றி, கரி உதிராமல் இருக்க மேலே மருந்து தெளித்து, வாசலுக்கு எடுத்துப் போனாள். சத்தியசீலன் அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சுருட்டி எடுத்துட்டுப் போயிரும்மா. போதும்லா இது."

"உங்களுக்குத் தெரியும், இல்லண்ணே?"

அவர் செம்பனை மரங்களின் பக்கம் பார்த்துக்கொண்டுதான் பேசினார். "அன்னிக்கு எங்கப்பாதான் விறகு போட்டாரு. உள்ள ஆள் யாரும் இல்ல, நாலு நாளைக்குக் கதவத் தொறக்காதன்னு கிராணி சொன்னாரு. அதுக்கப்புறம் எங்கப்பா சாகற வரைக்கும் கறி தொடல."

"சத்தம் கேட்டுச்சாமா?"

சத்தியசீலன் தொப்பியைக் கையில் திருப்பினார். தனக்குப் பதினாலு வயதில் அப்பா குடித்துவிட்டுச் சொன்னார் என்றும், அதோடு விட்டுவிடும்படி சொன்னார் என்றும், தானும் விட்டுவிட்டதாகவும் மெதுவாகச் சொன்னார்.

"நாப்பத்தாறு வருஷம்," என்றாள் திலகா. "ஓடிப்போனவன்னு சொல்றப்பல்லாம் நீங்களும் கூடத்தான் நின்னிருப்பீங்க. இன்னும் மூணு சுவர் இருக்குண்ணே. எடுத்துட்டுத்தான் போவேன்."

இரண்டாம் சுவருக்குக் கரித்துண்டுக்குப் பதில் வேறு முறை. சுவரிலிருந்தே புகைக்கரியைச் சுரண்டி, அரிசிக் கஞ்சியில் குழைத்து, தாளை ஒட்டி அதன் மேல் அகலத் தூரிகையால் பூசினாள். ஈரம் இறங்க இறங்கக் கைகள் வந்தன. முதல் சுவரைவிடத் தாழ்வாக, இடுப்பு உயரத்தில். விரல்கள் விரிந்திருக்கவில்லை, மடங்கியிருந்தன. நகங்கள் இழுத்த கோடுகள் தாளை நெடுகக் கிழித்தது போல ஓடின. அவள் பூசுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்கக் கை வராது என்று தெரிந்திருந்தது.

மூன்றாம் சுவருக்கு மெல்லிய மல்துணியும் ரப்பர் பாலும். துணியைச் சுவரில் விரித்து, பாலைப் பூசி, காய்ந்ததும் உரித்தால் சுவரின் தோல் அப்படியே கழன்று வரும். காய அரை நாளாவது ஆகும், அதுவரை மதியச் சோற்றைச் சாப்பிடலாம் என்று நினைத்திருந்தாள். பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் துணி காய்ந்துவிட்டது. சுவரில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு. வெயில் சூடில்லை. மறுபுறம் அடுப்பு எரிகிற சூடு. மறுபுறம் வெறும் புல்வெளிதான்.

சோற்றை மூடிவிட்டு உரித்தாள். கறுத்துப் பளபளத்த அந்தத் தோலில் ஒரு முதுகின் வளைவு இருந்தது. தோள்பட்டை, முதுகெலும்பின் முடிச்சுகள், சேலை நெசவின் கட்டம். சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்த ஒரு முதுகு.

"சரி," என்று சத்தமாகச் சொன்னாள். "சரி. இன்னும் ஒன்னுதான்."

மழை அப்போது பிடித்தது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. நான்காவது, கதவிருந்த சுவர். கதவு வெளிப்பக்கம் திறப்பது. அதன் உட்புறத்தை எடுக்க வேண்டுமென்றால் ஒன்று மழையில் நின்று எடுக்க வேண்டும், மழையில் தாள் கரைந்துவிடும். இல்லாவிட்டால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று எடுக்க வேண்டும்.

அவள் வெளியே போனாள். கதவின் தாழ்க்கம்பியைத் துருவோடு போராடிக் கழற்றினாள். அதை உள்ளே கொண்டுவந்து தன் காலடியில் போட்டுக்கொண்டாள். பிறகு, யாரும் சொல்லாமல், தானாகவே கதவை இழுத்துச் சாத்தினாள்.

இருட்டு முகத்தில் வந்து ஒட்டியது. கைப்பேசியின் விளக்கைத் தரையில் நிறுத்தினாள். தாளைக் கதவின் உச்சியிலிருந்து ஒட்டினாள். கரித்துண்டு. படுக்கப் போட்டு. மேலிருந்து கீழே.

முகம் இருக்க வேண்டிய உயரத்தில் எதுவும் இல்லை. துரு மட்டும் வந்தது.

மார்பு உயரம். கைகள். ஒன்றன் மேல் ஒன்று ஏறிய கைகள், எண்ண முடியவில்லை.

இடுப்பு உயரம். முட்டி மடக்கிய கைகள்.

அவள் மண்டியிட்டாள். முழங்கால் உயரம். கைகள் குறைந்தன. ஒரு விரல். ஒரு கோடு.

ஏன் கீழே போகிறது என்று அவளுக்கு மெதுவாகப் புரிந்தது. புகை மேலேதான் நிற்கும். காற்று கீழே. கதவுக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

"அத்தை," என்றாள்.

தரையில் படுத்தாள். கன்னம் கரியில் பதிந்தது. மறு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு தேய்த்தாள். ஒரு காது வந்தது. காதோரம் முடி. கன்னத்தெலும்பு. பக்கவாட்டில் படுத்த ஒரு முகம், அவள் படுத்திருந்ததைப் போலவே, அவளுக்கு நேரெதிரே. கண். திறந்த கண். இரும்பில் நசுங்கிய மூக்கு. பிறகு வாய். இடைவெளியில் அழுந்தி, உதடு பிதுங்கி, காற்றுக்காக வெளியே நீண்ட வாய்.

தாளுக்கு அடியில் ஏதோ அசைந்தது.

கரித்துண்டு நின்றது.

வாய் இருந்த இடத்தில் தாள் உள்ளே போனது. வெளியே வந்தது.

மழைக்காற்றாக இருக்கும். இடைவெளியில் கையை வைத்துப் பார்த்தாள். காற்று இல்லை. தாள் உள்ளே போனது. வெளியே வந்தது. வெளியே வரும்போது சூடாக இருந்தது.

கத்த வேண்டும் போலிருந்தது. தொண்டையில் கரி. ஓட வேண்டும் போலிருந்தது. அவள் கஞ்சிக் கிண்ணத்தை இழுத்தாள். கரியைக் குழைத்தாள். மல்துணியைக் கிழித்துக் கன்னத்தின் மேல் ஒட்டினாள், ரப்பர் பாலைப் பூசினாள், காதின் மேல், முடியின் மேல், திறந்த கண்ணைச் சுற்றி. தான் செய்ய நினைத்திருந்த வரிசையில், ஒரு படி விடாமல். வாயின் மேல் மட்டும் எதையும் பூசவில்லை. அங்கே மெல்லிய தாள் மட்டும் போதும்.

துணி உடனே காய்ந்தது. தாளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கதவைத் தள்ளினாள்.

அசையவில்லை.

தாழ்க்கம்பி காலடியில் கிடந்தது. மறுபடி தள்ளினாள். அசையவில்லை. மூங்கில்களுக்கு நடுவே சூடு ஏறியது. கண் எரிந்தது. தோளில் இருந்த தாள் வேகமாக மூச்சு வாங்கியது.

திலகா கம்பியைக் கையில் எடுத்தாள். கதவை அடிக்கவில்லை. நெற்றியை இரும்பில் வைத்து, தாழ்ந்த குரலில், கதவிடம் தெளிவாகச் சொன்னாள்.

"நான் ஒத்தையா போகல. அத்தையும் என்கூடத்தான் வர்றாங்க. தொற."

கதவு திறந்தது.

மழை விட்டிருந்தது. மழைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்காமலே ஒரு லோரி வந்து, இடிக்கிற இயந்திரத்தைக் கொட்டகைக்கு எதிரே இறக்கிவிட்டுப் போயிருந்தது. மஞ்சள் நிறம், ஈரத்தில் பளபளத்தது. அதன் ஓரமாக சத்தியசீலன் நின்றிருந்தார். மோட்டாரில் கட்டி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடு, யாரிடமும் காட்டாதே என்று சொன்னார். கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவள் அவரைத் தாண்டிப் போனாள். இயந்திரத்தின் அகன்ற இரும்பு வாளி தாழ்ந்து கிடந்தது. அதன் முதுகைச் சட்டையால் துடைத்து, தாளை விரித்து, நான்கு மூலையிலும் டேப்பை அழுத்தி ஒட்டினாள்.

"திங்கக்கெழம வர்றவங்க மொதல்ல இதப் பாக்கட்டும்," என்றாள். "உங்க வாயால நீங்களே சொல்லுங்க, யாருன்னு."

சத்தியசீலன் வாயைத் திறந்தார். பெயர் வெளியே வந்தது. "மயிலம்மா." அறுபது வயதில் முதல் தடவையாகச் சொல்லும் பெயர் போல, தடுக்கித் தடுக்கி வந்தது.

தாளில் திறந்திருந்த கண் அவர் பக்கம் திரும்பியது.

திலகா பின்வாங்கவில்லை. கறுத்த கைகளைத் தொங்கவிட்டு அங்கேயே நின்றாள். தாளுக்குப் பின்னால் ஒரு அங்குல இரும்பு. அதைத் தாண்டிப் போக இடமில்லை. ஆனாலும் வாய் இருந்த இடத்தில் தாள் உள்ளே போனது, ஒரு விரல் ஆழம், ஒரு கை ஆழம், முழங்கை ஆழம், நின்றது. நெடுநேரம் நின்றது. பிறகு வெளியே வந்தபோது உதடுகள் இரண்டும் மெல்லக் கிழிந்தன. கிழிசலிலிருந்து, ஈரமான சாயங்கால வெளிச்சத்தில், புகை வரத் தொடங்கியது.