கேத வீட்டுக் கரண்டு

அழகர் சித்தப்பா இறந்த மறுநாள் காலை, தெரு டிரான்ஸ்பார்மரும் வெடித்தது.

மலைப்பாதை வளைவில் கவிழ்ந்த ஏலக்காய்த் தோட்ட ஜீப்பில் அவர் இருந்தார். இப்போது ஜோதிகா வீட்டுக்கு எதிரே, தன் வீட்டில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். பெட்டி நின்றுவிடக் கூடாது என்று, அதை வாடகைக்குத் தந்த கர்ணன் ஜெனரேட்டர் கொண்டுவந்து ஓட்டினார். கம்பம் நகரின் அந்தத் தெருவில் வேறு எந்த வீட்டிலும் கரண்டு இல்லை.

ஜோதிகா ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் அண்ணன் தமிழ்மாறன், திரை கறுத்துப்போன லேப்டாப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

சென்னையில் அவனுக்கு வேலை போய்விட்டது. இன்று மாலைக்குள் ஒரு புரோகிராம் எழுதி அனுப்பினால் வேறொரு கம்பெனி கூப்பிடும். லேப்டாப்பிலோ வைரஸ். காலையில்தான் உள்ளே இருந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டு, முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றத் தொடங்கினான். ஜாவா பாதி ஏறும்போது கரண்டு போனது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது.

“விடுடா,” என்றார் அப்பா. “தோட்டத்துல கணக்கு எழுத ஆள் கேக்குறாக. திங்கக்கிழமை ஜீப்புல ஏறு.”

அப்பா போனதும் ஜோதிகா மெதுவாகச் சொன்னாள். “அண்ணே, எதிர்வீட்டுல கரண்டு இருக்கு.”

“கேத வீட்டுல போயி பிளக்கச் சொருகவா? காறித் துப்புவாக.”

சாவு விழுந்த கேத வீட்டில் அடுப்பு எரியாது. அக்கம்பக்கத்தார்தான் காப்பி கொண்டுபோக வேண்டும். அம்மா கொடுத்த தூக்குவாளியோடு ஜோதிகா தெருவைக் கடந்தாள்.

அழகர் சித்தப்பாவின் மனைவி மொக்கம்மாள் சித்தி ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். ஜோதிகா டம்ளரை நீட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் கழித்துச் சித்தியே டம்ளரை வாங்கினாள்.

“உங்கண்ணன எங்க ஆத்தா? நேத்துப் பூராம் இங்கனதான நின்னான்.”

“லேப்டாப்பு ஓடல சித்தி. இன்னைக்கு அனுப்பலைன்னா திங்கக்கிழமை அவனும் ஜீப்புல...”

ஜோதிகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். சித்தியின் வீங்கிய கண்கள் அவள் மேல் நின்றன.

“ஜீப்புலயா?”

ஜோதிகா தலையசைத்தாள்.

“ஏலே கர்ணா! இன்னொரு ஒயரு இழு. அந்தப் பயலக் கூப்புடு.”

“பொணத்த வச்சுக்கிட்டு கம்ப்யூட்டர் தட்டவா?” என்றார் பந்தலில் இருந்த ஒருவர்.

“தூக்குறதுக்கு ஒரு பொணம் போதும் மாமா,” என்றாள் சித்தி.

கர்ணன் ஜெனரேட்டரிலிருந்து இன்னொரு ஒயரை இழுத்தார்.

சித்தி வீட்டுக்குப் பின்னால் ஒரு தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்து, அதன்மேல் லேப்டாப்பை வைத்தான் தமிழ்மாறன். ஜாவா, டேட்டாபேஸ், அப்புறம் ஜோதிகாவுக்குப் பெயர் தெரியாத என்னென்னவோ. ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சைக் கோடு திரையில் ஊர்ந்தது. எல்லாம் ஏறி முடித்த பிறகுதான் அவனால் முதல் வரியையே எழுத முடிந்தது. வாசலில் தப்பு மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது.

உடலைத் தூக்கும்போது எழுந்து ஓடினான். தெருமுனைவரை தோள் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எழுதினான்.

கர்ணன் ஐஸ் பெட்டியை வேனில் ஏற்றிவிட்டார். அடுத்தது ஜெனரேட்டர்தான்.

“அண்ணே, காப்பி குடிச்சிட்டுப் போங்க,” என்றாள் ஜோதிகா.

குடித்தார். உடனே இன்னொன்று நீட்டினாள். அதையும் குடித்தார். மூன்றாவதைப் பார்த்ததும் கர்ணன் அவளை முறைத்தார்.

“ஏத்தா, வயிறா இது, தொட்டியா? முடிஞ்சதான்னு உங்கண்ணனக் கேட்டு வா. அதுவரைக்கும் நிறுத்த மாட்டேன்.”

டேட்டா கார்டைச் சொருகி, தமிழ்மாறன் கடைசி பட்டனை அழுத்தினான். போய்விட்டது.

வீட்டு வாசலில் அம்மா குடத்தோடு நின்றாள்.

“ரெண்டு பேரும் தலைக்கு ஊத்திட்டு உள்ள வாங்க. அந்தக் கம்ப்யூட்டர் பெட்டிக்கும் மஞ்சத்தண்ணி தெளிக்கணும்.”

ஜோதிகா லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “அம்மா! இது காலையிலயே முழுகிருச்சு. உள்ள ஒரு பொட்டு இல்லாம அண்ணன் கழுவிட்டான்!”

அம்மா யோசித்தாள். பிறகு லேப்டாப் பையின்மேல் மட்டும் ஒரு சொட்டுத் தெளித்தாள்.

சனிக்கிழமை தமிழ்மாறனை வேலைக்குக் கூப்பிட்டுக் கம்பெனியிலிருந்து போன் வந்தது.

திங்கட்கிழமை விடியுமுன் தெருவில் ஜீப்பின் ஹாரன் கேட்டது. ஜோதிகா ஜன்னலைத் திறந்தாள். எதிர்வீட்டு வாசலில் மொக்கம்மாள் சித்தி நின்றிருந்தாள். ஜீப்பில் ஏறுகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

ஜீப் மலையை நோக்கிக் கிளம்பியது. சித்தி கதவைச் சாத்திக்கொண்டாள்.