ஆவுடையப்பன் வீட்டு இளவட்டக்கல்

செவ்வாய்க் கிரகத்தில் கல்யாண நாளன்று மாப்பிள்ளை குளித்தாரா என்று யாரும் கேட்பதில்லை. மாப்பிள்ளையின் தோளனுக்கு எண்ணெய் போட்டாயிற்றா என்றுதான் கேட்பார்கள். பெண் கேட்கிறவர் தூக்கியாக வேண்டிய, மண்டபத்து முற்றத்தில் கிடக்கும் இளவட்டக்கல்லை அவர் சார்பில் தூக்கித் தோளுக்குப் பின்னால் போடுவது அந்த இயந்திரம்தான்.

ஈர்ப்பு குறைந்த மண் என்பதால் முன்னோர் கல்லைப் பூமியில் இருந்ததைவிட மூன்று மடங்கு பெரிதாக வெட்டினார்கள். அதே ஈர்ப்பில் பிறந்த பிள்ளைகளுக்கு எலும்பு மெலிந்தது. கல் கிடந்த இடத்திலேயே கிடக்க, தோளன்கள் வந்தன. நாலு தலைமுறையில் அதுவும் மரபாகிவிட்டது.

ஆவுடையப்பன் மகள் பூரணவல்லியைக் கேட்டு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவன் அவருடைய அக்காள் மகன் மகராசன். மற்றவன் பெயோ, பக்கத்துப் பள்ளத்தாக்கில் குடியேறிய பாஸ்க் மக்களில் ஒருவன். ஸ்பெயின் நாட்டு மலைகளிலிருந்து வந்தவர்களாம். ஊர் நடுவே ஒற்றைச் சுவரை எழுப்பி, அதில் வெறுங்கையால் பந்தடிக்கிற கூட்டம். ஒரு கோபுரம் உண்டா, ஒரு தூண் உண்டா? முப்பரிமாண அச்சுப்பொறி சிவந்த மண்ணில் வார்த்துக் கொடுத்த யாளித் தூணில் சாய்ந்துகொண்டு ஆவுடையப்பன் மீசையைத் தடவினார். கல்லைத் தொட வந்தவனைத் திருப்பி அனுப்பினால் வீட்டுக்கு இழுக்கு. அதனால்தான் பொறுத்துக்கொண்டார்.

"தோளன் எங்கே?" என்று பெயோவைக் கேட்டார்.

"இல்லைங்க ஐயா. எங்க ஊர்ல கல்லைக் கையாலதான் தூக்குவோம். சின்னதிலேருந்து பழக்கம்."

சபை சிரித்தது. பெயோ இடுப்பில் துணியை இறுக்கிக் கட்டினான். கல்லைக் கட்டிப்பிடித்துத் தொடைக்கு ஏற்றினான். தொடையிலிருந்து மார்பு, மார்பிலிருந்து தோள். பின்னால் விழுந்த கல்லில் முற்றம் அதிர்ந்தது. சிரித்த வாய்கள் மூட மறந்தன.

"செல்லாது," என்றார் ஆவுடையப்பன்.

"ஏன் ஐயா?"

"கையால தூக்குறது எங்க மரபு இல்லை."

அடுத்து மகராசனின் தோளன் வந்து பஞ்சுமூட்டையைப் போலக் கல்லைத் தூக்கிப் போட்டது. நாற்காலியில் இருந்தபடியே மகராசன் சபைக்குக் கையசைத்தான்.

"பார்த்தீங்களா, எங்க வம்சத்து வலு," என்றார் ஆவுடையப்பன்.

பூரணவல்லி மாலையோடு முற்றத்துக்கு வந்தாள். "கல்லைத் தூக்கினவருக்குத்தானே பெண், அப்பா?"

"நம்ம வீட்டுச் சொல் மாறாது."

"கை செல்லாது?"

"செல்லாது."

அவள் மாலையைத் தோளனின் கழுத்தில் போட்டாள்.

"மாமா, அது என் மிஷின்," என்று மகராசன் எழுந்தான்.

"நீங்க சர்பத் குடிச்சுக்கிட்டிருந்தீங்க அத்தான். நான் பார்த்தேன்." அவள் தகப்பன் பக்கம் திரும்பினாள். "கையும் செல்லும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அப்பா. மாலையைக் கழற்றி அவருக்குப் போடுறேன்."

பெயோ நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. சபை முழுவதும் ஆவுடையப்பன் வாயையே பார்த்தது. சொன்ன சொல்லை விழுங்கினால் மானம் போகும். சுவரில் பந்தடிக்கிறவனுக்குப் பெண் கொடுத்தால் குலமே போகும். அவர் தோளனை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு மகராசனின் காதருகே குனிந்தார்.

"இது யார் பட்டறையில செஞ்சது?"

"நம்ம சித்தப்பா பட்டறைதான் மாமா. வெளியாள் யாரும் கை வைக்கலை."

ஆவுடையப்பன் நிமிர்ந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியது.

"தோளனும் நம்ம ஆளுதான்," என்று சபைக்கு அறிவித்தார். "கெட்டிமேளம் கொட்டுங்க."