சேகோவின் பங்கு

சைதே வாயை மூடுவதற்கு முன்பே அந்த "ஹ்ம்" வந்துவிட்டது.

அவர் அப்போது பாதிக் கூப்பாட்டில் நின்றிருந்தார். நாக்கை உதறி "ப்ர்ர்ர்ர்" என்று நீட்டியாகிவிட்டது. உதட்டைச் சேர்த்து நெஞ்சுக்குள்ளிருந்து "ஹ்ம்" என்று முடிக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த இரண்டும் சேர்ந்தால்தான் சேகோ வரும். தேன் இருக்கும் மரத்தை மனிதனுக்குக் காட்டிக்கொடுத்து, கூலியாக மெழுகை வாங்கிக்கொள்ளும் சாம்பல் நிறக் குருவி அது. சைதே இன்னும் முடிக்கவில்லை. எதிரே வெயிலில் வெளிறிக் கிடந்த காட்டுக்குள்ளிருந்து வேறு யாரோ முடித்து வைத்தார்கள்.

பின்னால் நின்ற வெள்ளைக்காரத் தம்பதிக்கு ஒன்றும் தெரியவில்லை. காலையிலிருந்து யானை, முறுக்குக் கொம்பு மான், ஆற்றில் மீனடிக்கும் கழுகு எல்லாம் பார்த்தாகிவிட்டது, தேன் காட்டும் குருவியையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். தடம் பார்த்து விருந்தாளிகளைக் காட்டுக்குள் கூட்டிப் போவதுதான் சுற்றுலா முகாமில் சைதேக்கு வேலை. கேட்டால் கூப்பிட வேண்டியதுதானே, கூப்பிட்டார். குருவியும் வந்தது. தலைக்கு மேல் கிளையில் உட்கார்ந்து, தீப்பெட்டியைக் குலுக்குவது மாதிரி சடசடவென்று கத்தியது. வெள்ளைக்காரக் கிழவர் படம் எடுத்தார்.

கடைசி ஆளாகத் துப்பாக்கியோடு வந்துகொண்டிருந்த ராஜாபு மட்டும் அந்தச் சத்தத்தைக் கவனித்திருந்தான்.

"விடுங்கண்ணே, போலாம். எவனோ குருவிய வச்சிருக்கான். அடுத்தவன் பொண்டாட்டியக் கூப்பிட்டாக்கூட ரெண்டு அறையோட விட்டுடுவான். அடுத்தவன் குருவியக் கூப்பிட்டா கோடாலிய எடுத்துட்டு வருவான்."

அவன் சொன்னது நியாயம்தான். ஒருவன் குருவியோடு போய்க்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் காதில் விழுந்தால், மற்றவன் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிப் போக வேண்டும். லுகெண்டா ஆற்றின் இரு கரையிலும் இதுதான் மரியாதை. சைதே விருந்தாளிகளைத் திருப்பி முகாமுக்குக் கூட்டி வந்தார். வழியெல்லாம் அவருக்குக் காது அடைத்தது போலவே இருந்தது.

ஏனென்றால் அந்த "ஹ்ம்" எவனோ ஒருவனுடையது இல்லை. கூப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதான் என்று வெளியாள் நினைப்பான். ஆனால் வீட்டுக்கு வீடு அதில் ஒரு சின்ன வித்தியாசம் இருக்கும், அப்பன் சொல்லிக்கொடுத்தபடி பிள்ளைக்கு வரும். சைதே வீட்டு "ஹ்ம்" கடைசியில் எச்சில் விழுங்குவது மாதிரி ஒரு விக்கலோடு முடியும். இப்போது உலகத்தில் அது அவர் ஒருவருக்குத்தான் வரும். போன தேன்காலம் வரைக்கும் இன்னொருவனுக்கும் வந்தது.

மகன் சுமாயில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவனுக்கு "ப்ர்ர்ர்" வரவே வராது. எச்சில்தான் தெறிக்கும். அதனால் அப்பா நாக்கை உதறுவார், தோளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை "ஹ்ம்" என்று முடிப்பான். ஒரு கூப்பாட்டுக்கு இரண்டு வாய். குருவி அதற்கும் வந்தது. பிறகு பையன் வளர்ந்தான், தனியாகக் காட்டுக்குப் போனான், போன தேன்காலத்தில் ஒரு நாள் திரும்பி வரவில்லை. அவன் காலடி ஆற்றங்கரை வரைக்கும் இருந்தது. அதற்கு அப்புறம் பாறை. பாறையில் எந்தத் தடம் விழும்? முதலை இழுத்துப் போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், சைதேயும் நம்பினார்.

அவன் அம்மா அபிபா அன்றிலிருந்து ஆற்று மீனை வீட்டுக்குள் விடவில்லை. அந்த மீன் எதைத் தின்றதோ என்பாள். வெறும் சோளக்களியும் கீரையும்தான். ஊர்ப் பெண்கள் துக்கம் கேட்க வந்தால், குழியே இல்லாமல் என்ன துக்கம் என்று திருப்பி அனுப்பிவிடுவாள். ஒரே ஒரு தடவை, அடுப்பு முன்னால் உட்கார்ந்து, முகத்தைத் திருப்பாமலே கேட்டாள். "சுமாயில் அப்பா, ஒரு எலும்பாவது கொண்டாந்து குடுங்களேன். மண்ணுல வச்சிட்டு அழுதுக்கறேன்."

மத்தியானம் விருந்தாளிகள் படுத்த பிறகு சைதே கிளம்பினார். சாயங்காலத்துக்கு யானைத் தடம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ராஜாபுவிடம் பொய் சொன்னார். இடுப்பில் கத்தி, சட்டைப் பையில் தீப்பெட்டி, அவ்வளவுதான்.

குருவி அதே கிளையில் உட்கார்ந்திருந்தது. பின்தொடராத ஆளுக்காக எந்த சேகோவும் இத்தனை நேரம் காத்திருக்காது. அதற்குப் பசி, அது வேறு ஆளைப் பார்த்துப் போய்விடும். இது காத்திருந்தது. இவரைக் கண்டதும் ஒரு மரம் தள்ளிப் போய் உட்கார்ந்து, வெள்ளை வால் இறகை விரித்துக் காட்டிக் கத்தியது.

உலர்ந்த இலைகள் காலடியில் நொறுங்கின. புல் எரித்த கரி வாசனையும், எங்கோ பூத்த முள்மரத்தின் தித்திப்பும், யானைச் சாணத்தின் புளிப்பும் கலந்து மூக்கில் ஏறின. பள்ளத்து நிழலில் ஒரு யானைக் கூட்டம் நின்றிருந்தது. சைதே காற்றைப் பார்த்து ஒதுங்கினார். ஆனால் கிழட்டுப் பெண் யானை அவரைக் கவனிக்கவே இல்லை. தும்பிக்கையைத் தூக்கி, குருவி போகிற திசையை மோந்து பார்த்தது. அப்புறம் பின்பக்கமாகவே நகர ஆரம்பித்தது. குட்டிகளை வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு, முதுகைக் காட்டாமல், அத்தனை யானையும் பின்னால் நடந்து போயின. யானை விரட்டி வரும், ஓடும், சும்மா நிற்கும், எல்லாம் அவர் பார்த்ததுதான். இப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த மேட்டில் சிங்கத் தடம், இன்று காலையில் பதிந்தது. நடைபாதையிலேயே நேராக வந்து, ஒரு இடத்தில் நின்று, பெரிய வளையமாகச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. சைதே குனிந்து அந்தத் தடத்தைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது புறாச் சத்தம் நின்றிருந்தது. இருவாச்சிகளின் சத்தமும் நின்றிருந்தது. வெட்டுக்கிளி கூட இல்லை. குருவி மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. போய்விட்டால் ஒன்றும் குறையாது, யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அபிபாவின் முதுகு ஞாபகத்துக்கு வந்தது. ஒரு எலும்பு கிடைத்தால் போதும், வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். அவளும் அழுது முடிப்பாள், இவரும் அழுவார்.

நாக்கை உதறி, "ப்ர்ர்ர்ர்" என்றார்.

"ஹ்ம்."

கிட்டே இருந்து வந்தது. விக்கலோடு.

பெருக்க மரம் வெட்டவெளியில் தனியாக நின்றது. பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம், பட்டை முழுக்கச் சுருக்கம். மேலே ஏறுவதற்கு அதில் மூங்கில் ஆப்புகள் அடித்திருந்தன. ஆப்பின் முனை இடது பக்கமாகச் சீவப்பட்டிருந்தது. இடது கைக்காரன் சீவியது. வீட்டில் இடது கைக்காரன் ஒருவன்தான். சைதே அண்ணாந்து பார்த்தார். உச்சியில், கிளைகள் பிரிகிற இடத்தில், மரம் பெரிய பொந்தாக வாயைத் திறந்துகொண்டிருந்தது. அந்த வாயின் ஓரத்திலிருந்த ஆப்பு முறிந்து தொங்கியது.

முதலை இல்லை. ஆறு இல்லை. மரத்துக்குள்ளே விழுந்திருக்கிறான்.

இடுப்பு உயரத்தில் பட்டை பிளந்து ஒரு வெடிப்பு இருந்தது. ஒரு கை நுழையும், தலை நுழையாது. வெடிப்பின் உள்விளிம்பு நெடுகப் பிறாண்டியிருந்தது. அதைப் பார்த்ததும் சைதேக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது, வந்திருக்கவே கூடாது.

தேடிப் போன இரண்டாம் நாள். ஊர் ஆண்கள் முழுக்க வரிசையாகக் காட்டை அலசிக்கொண்டு வந்தார்கள். இந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் வந்தபோது தூரத்தில், தொண்டை கம்மிப்போன குரலில், ஒரு கூப்பாடு கேட்டது. ப்ர்ர்ர், ஹ்ம். அத்தனை தூரத்தில் கடைசி விக்கல் காதில் விழவில்லை. யாரோ குருவி வைத்திருக்கிறான் என்று ராஜாபு கையை உயர்த்தினான். எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். சைதேயும்தான். சுமாயில் பேரைச் சொல்லிக் கத்துவதைக் கூட நிறுத்திவிட்டு, மரியாதையாக, ஆற்றுப் பக்கம் ஒதுங்கிப் போனார்கள்.

பையனுக்குக் கத்தச் சக்தி இருந்திருக்காது. தாகம். அப்பாவுக்குத் தெரியாமல் போகவே முடியாத ஒரு சத்தத்தைத்தான் பார்த்துப் பார்த்து அனுப்பியிருக்கிறான்.

"ஐயோ, என் கண்ணே," என்று சைதே மரத்தில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

பிறகு வெடிப்பில் கண்ணை வைத்தார்.

மேலேயிருந்து கம்பு மாதிரி ஒரு வெளிச்சம் விழுந்தது. சுமாயில் உட்கார்ந்திருந்தான். முழங்காலை மடக்கி, சுவரில் முதுகைச் சாய்த்து, முகம் வெடிப்பைப் பார்த்திருக்க உட்கார்ந்திருந்தான். சதை இல்லை. சட்டையின் காலர் மட்டும் கழுத்தெலும்பில் மிச்சம். விலா எலும்புகளுக்குள்ளே, அடியிலிருந்து தொண்டை வரைக்கும், வெள்ளை வெளேரென்று தேனடை. எலும்புக்கு எலும்பு ஒட்டிக் கட்டியிருந்தது. அதன் மேல் தேனீக்கள். அடர்த்தியாக. ஒரே மூச்சாக இரைந்துகொண்டு.

அவருக்கு அதைச் செய்ய வேண்டும் என்று எண்ணமே இல்லை. நாக்கு தானாக உதறியது. "ப்ர்ர்ர்ர்."

தேனீக்கள் நின்றன. எல்லாம். ஒரே சமயத்தில்.

விலாக்கூடு மெல்ல விரிந்தது.

"ஹ்ம்."

சைதே பின்னால் விழுந்தார். எழுந்தார். ஓடவில்லை. ஓடினால் அபிபாவுக்கு என்ன கொண்டு போவது? செத்தவனை மண்ணில் வைக்க வேண்டும். வைத்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடும். அதற்கு முதலில் தேனீயை விரட்ட வேண்டும், அது அவருக்குத் தெரிந்த வேலை. காய்ந்த குச்சிகளைச் சேர்த்துப் பச்சை இலையால் சுற்றிக் கட்டினார். மூன்று தீக்குச்சி வீணாயிற்று. புகை கிளம்பியதும் கட்டை வெடிப்புக்குள் செருகி ஊதினார். உள்ளே இரைச்சல் ஏறியது. தேனீக்கள் கொத்துக் கொத்தாக மேலே கிளம்பின. எலும்பு தெரிந்தது.

யாரோ இருமினார்கள்.

சைதே ஊதுவதை நிறுத்தினார். மறுபடியும் இருமல். வறண்ட, சின்ன இருமல், சளிக் காய்ச்சலில் பாயில் படுத்திருக்கும் பிள்ளை இருமுவது மாதிரி.

"அப்பா. புகை."

புகைக்கட்டைப் பிடுங்கி எறிந்து காலால் மிதித்து அணைத்தார். பாதம் வெந்தது தெரியவில்லை. தேனீக்கள் திரும்பி வந்து எலும்பின் மேல் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. இருமல் அடங்கியது. உள்ளே மூச்சு சீரானது.

அப்படியானால் இதுதான் கணக்கு. குழிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் புகை போட வேண்டும். புகை போட்டால் இன்னொரு தடவை சாவான், அதுவும் அப்பன் கையால். அபிபாவிடம் எதைச் சொல்வது? எலும்பு கிடைத்தது, ஆனால் இன்னும் அழ ஆரம்பிக்காதே என்றா?

குருவி இறங்கி வந்து, எட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்தது. கத்தியது. காட்டிக் கொடுத்தாயிற்று, அதன் பங்கு வர வேண்டும். பங்கு கொடுக்காதவனை அடுத்த தடவை சேகோ சிங்கத்திடமோ பாம்பிடமோ கூட்டிப் போகும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சைதேக்கு இதைவிட மோசமான இடம் ஒன்று இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனாலும் அது தன் பையனைக் காட்டிய குருவி. கடன் வைக்க மனசு வரவில்லை.

வெடிப்புக்குள் கையை விட்டார். தேனீக்கள் கொட்டவில்லை. கை மேல் ஏறி நடந்தன. விரல் விலா எலும்பைத் தொட்டது, ஓரத்திலிருந்த காலி அடையில் ஒரு துண்டை ஒடித்தது. மணிக்கட்டின் மேல் காற்றுப் பட்டது. வெதுவெதுப்பாக. தேன் வாசனையோடு.

கையை வெளியே இழுத்தார். வரவில்லை.

ஐந்து விரல்கள் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. முரட்டுத்தனமாக இல்லை. சந்தைக் கூட்டத்தில் பிள்ளை அப்பன் கையைப் பிடிக்கிற பிடிதான்.

"இருட்டுதுப்பா," என்றது உள்ளே.

வெயில் மரத்தை விட்டு இறங்கிப் போயிருந்தது. சைதே கன்னத்தைப் பட்டையில் வைத்துக்கொண்டார். மெழுகுத் துண்டு விரலிலிருந்து நழுவி உள்ளே விழுந்தது.

"இங்கதான் இருக்கேன்டா, தங்கம். எங்கயும் போகல."

தேனீக்கள் முழங்கையைத் தாண்டின. தோளுக்கு வந்தன. சட்டைக் காலருக்குள் ஒன்று நுழைந்தது, அதன் பின்னால் இன்னொன்று, அப்புறம் ஒரு வரிசை. நெஞ்சில், கடைசி விலாவுக்குக் கீழே, சூடான ஒரு பொட்டு. கூசியது. அங்கேயே இன்னொரு பொட்டு வைத்தன. கட்ட ஆரம்பித்திருந்தன.

அவர் கையை இழுக்கவில்லை.

கிளையில் குருவி கத்துவதை நிறுத்திவிட்டு, இறகைச் சுருக்கிக்கொண்டு, காத்திருக்க ஆரம்பித்தது.