ஒரு சொட்டு... இரண்டு கோடு!

"ஐயோ... டொக்டர் கெல்லர்!"

உதவியாளன் வின்சன்றின் அலறல் பாடன் நகர ஆய்வுகூடம் முழுக்கக் கேட்டது.

விஞ்ஞானி கெல்லர் தரையில் கிடந்தார். கழுத்தில் டெலிபோன் வயர். மூச்சு இல்லை! பக்கத்தில் உடைந்த கண்ணாடிக் குழாய். அதன் கூர்விளிம்பில் காயாத ரத்தம்...

வாசலில் ஆய்வுகூடத் தலைவர் இராஜசிங்கம். கம்பளிக் கோட்டு, கையுறை.

"கொலை செய்துபோட்டாய்! பொலிசுக்குப் போன் அடிச்சிட்டன். உன்னைக் கொழும்புப் பிளேனில ஏத்தப்போறாங்கள்!"

"நானில்லை டொக்டர்! இப்பதான் வந்தனான்!"

"அகதிக் கேஸ்காரன் சொன்னா ஆர் நம்புவினம்?"

யாரும் நம்பமாட்டார்கள். கொழும்பில் இறங்கினால் வின்சன்ற் விமான நிலையத்தையே தாண்டமாட்டான்!

பைத்தியக்காரன் போலக் கெல்லரின் உடம்பைத் தடவிப் பார்த்தான். ஒரு கீறல்கூட இல்லை.

அப்படியானால் ரத்தம்... கொலைகாரனுடையது!

மேசையில் கெல்லர் கண்டுபிடித்த காகிதப் பட்டைகள். ஏழை நாடுகளுக்கான மலேரியா சோதனை. "கரண்ட் வேண்டாம், ஐஸ்பெட்டி வேண்டாம்" என்று பெருமையடிப்பார் பாவி மனுஷன். அதை ஆபிரிக்காவில் சோதித்துவிட்டு, உதவாது என்று கைவிரித்தவர் இராஜசிங்கம்.

வின்சன்ற் அந்த ரத்தத்தில் பட்டையைத் தோய்த்தான்.

இரண்டு கோடு. மலேரியா!

"நீதான்! மன்னாரான்! மலேரியா ஊர்க்காரன்!" என்று கத்தினார் இராஜசிங்கம்.

வின்சன்ற் தன் விரலைக் குத்தினான். ஒரே கோடு. நோய் இல்லை!

"கையுறையைக் கழட்டுங்கோ டொக்டர்."

"கு... குளிருது. வெறும் காய்ச்சல் எண்டுதான் ஆஸ்பத்திரியில சொன்னவை..."

"நீங்கள் ஆபிரிக்காவால வந்து மூண்டு கிழமை. இது மலேரியா. விட்டா மூளைக்கு ஏறும்!"

இராஜசிங்கம் வெளிறிப்போனார்.

"ப... பட்டை பிழையாக் காட்டலாம்தானே?"

"நீங்கள்தானே உதவாதெண்டு சொன்னீங்கள்? அப்ப பயப்பிடாமல் வீட்டை போங்கோ!"

பொலிஸ் உள்ளே நுழைந்தது.

இராஜசிங்கம் கையுறையைப் பிய்த்தெறிந்தார். உள்ளங்கையில் கண்ணாடி கிழித்த காயம்!

"பட்டை சரி! நான் சொன்னதுதான் பொய்... சோதனை மெஷின் விக்கிற கொம்பனிக்காகச் சொன்ன பொய்! கெல்லர் அதைக் கண்டுபிடிச்சிட்டார்... என்னைச் சாக விடாதேங்கோ! மருந்து தாங்கோ!"

தமிழில் கத்தினார். பிறகு ஜெர்மன் மொழியிலும் கத்தினார். இன்ஸ்பெக்டருக்கு இரண்டாவது போதும். காயம்பட்ட கையிலேயே விலங்கை மாட்டினார்.

வின்சன்ற் கெல்லரின் பக்கத்தில் உட்கார்ந்து விம்மினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"கரண்டும் வேண்டாம், ஐஸ்பெட்டியும் வேண்டாம்... மோப்பநாயும் வேண்டாம் ஐயா!"